ஓட்டுநருக்குக் கடைசியாக வந்த குளிர்

பழைய லோரியின் ஏர்கோன் கம்ப்ரசர் இறுகிப் போனால், பட்டறையில் வேலைக்கு முன்னால் ஒரு பேரம் நடக்கும். "கம்ப்ரசர் ஜாம் ஆயிருச்சுண்ணே, மாத்தணும்" என்பார் போமன். "எவ்வளவு வரும்?" என்பார் ஓட்டுநர். தொகையைக் கேட்டதும் வெளியே போய் முதலாளிக்குப் போன் போடுவார். மறுமுனையிலிருந்து பெரும்பாலும் வருவது ஒரே பதில்தான்: "பெல்ட்டக் கழட்டிட்டு ஓட்டு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

பிரேக் போனால் யாரும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்வதில்லை. பேட்டரி ஏறவில்லை என்றாலும் சொல்வதில்லை. ஏர்கோன் இல்லாமல் லோரி ஓடும். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். வியர்ப்பது ஓட்டுநருக்கு மட்டும்தான். இந்தச் சின்னக் கணக்குக்குப் பின்னால் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. குளிர் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று வரிசை போட்டு வந்த வரலாறு அது. அந்த வரிசையின் தடயங்களை, கழற்றி மேசைமேல் வைத்த கம்ப்ரசருக்குள்ளேயே பார்க்கலாம்.

கோழிக்கு முதலில்

லோரியில் எந்திரக் குளிர் முதலில் வந்தது ஓட்டுநருக்காக இல்லை, சரக்குக்காக. 1930களின் அமெரிக்காவில் இறைச்சியும் பழமும் பனிக்கட்டியை நம்பியே சாலையில் பயணம் செய்தன. பனிக்கட்டி உருகிவிட்டால் சரக்கு குப்பை. லோரியில் குளிர்பதன எந்திரம் பொருத்தச் செய்யப்பட்ட முயற்சிகள் பலவும் சாலையின் குலுக்கலில் தோற்றுப்போயின. அசையாத தரையில் நிற்பதற்காக வடிவமைத்த எந்திரம், குண்டும் குழியுமான சாலையில் சில நாட்களிலேயே குழாய் விட்டு, போல்ட் விட்டுக் கழன்றுவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஃபிரெட்ரிக் மெக்கின்லி ஜோன்ஸ். 1893இல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். கல்லூரி பக்கமே போகாமல் பட்டறைகளில் வேலை செய்தே எந்திரங்களைக் கற்றுக்கொண்டவர். மினியாபொலிஸ் நகரில் ஜோசப் நுமெரோ என்பவரின் சினிமா ஒலிக்கருவி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். நுமெரோவுக்குத் தெரிந்த லோரி உரிமையாளர் ஒருவரின் கோழி இறைச்சி வெயிலில் கெட்டுப்போனதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பார்கள். 1938இல் ஜோன்ஸ் செய்த எந்திரம் குலுக்கலைத் தாங்கியது. இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் தெர்மோ கிங் ஆனது. இரண்டாம் உலகப் போரில் உணவையும் மருந்தையும் இரத்தத்தையும் கெடாமல் கொண்டுபோக அவருடைய எந்திரங்கள் உதவின. ஜோன்ஸ் 1961இல் இறந்தார். அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1991இல்தான், அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்து, அவருக்கு வழங்கப்பட்டது.

ஜோன்ஸின் வெற்றியோடு, லோரியின் பின்பக்கம் குளிர்ந்தது. முன்பக்கத்தில் ஸ்டீரிங் பிடித்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். உறைந்த கோழிக்கும் அதை ஓட்டிப்போகிறவருக்கும் இடையில் ஒரு தகரச் சுவர்தான். குளிர் அந்தச் சுவரைத் தாண்டி முன்னால் வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

274 டாலர் சொகுசு

சரக்குக்கு அடுத்தபடியாகக் குளிர் போய்ச் சேர்ந்தது பணக்காரர்களின் காருக்கு. பேக்கார்டு நிறுவனம் 1939இல் அறிவித்து, 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் ஏர்கோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடுதல் விலை 274 டாலர். அன்றைக்கு அது சாதாரணத் தொழிலாளியின் பல வாரச் சம்பளம். குளிர்க்கும் கோயில் காரின் பின்பக்கப் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. குளிர்ந்த காற்று பின்னாலிருந்து பயணிகளின் கழுத்தில் வந்து மோதியது.

அந்த ஏர்கோனில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரசரும் சுற்றிக்கொண்டே இருக்கும். குளிர் வேண்டாம் என்றால் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, கையால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று பழைய லோரியில் கம்ப்ரசர் செத்தால் நாம் செய்கிற அதே வேலை. அன்று குளிர் அதிகமாகிவிட்டதென்று சொகுசுக் கார்க்காரர் பெல்ட்டைக் கழற்றினார். இன்று குளிருக்குக் காசில்லையென்று லோரிக்காரர் கழற்றுகிறார்.

பேக்கார்டின் முயற்சி நீடிக்கவில்லை. 1950களில்தான் கார் ஏர்கோன் ஒழுங்கான உருவம் பெற்றது. கம்ப்ரசரின் முகப்பில் மின்காந்தக் கிளட்ச் வந்தது. சுவிட்சைப் போட்டால் காந்தம் தட்டை இழுத்துப் பிடிக்கும். "டக்" என்ற சத்தத்தோடு கம்ப்ரசர் சுற்றத் தொடங்கும். அந்த "டக்" வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதிலிருந்துதான் இன்றைக்கும் எந்தப் போமனும் சோதனையைத் தொடங்குகிறார்.

கம்ப்ரசர் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேபினுக்குள் இருக்கும் கூலிங் கோயிலில் கேஸ் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து, அழுத்தி, சூடேற்றி, முன்னால் இருக்கும் கண்டென்சருக்குத் தள்ளும். அங்கே காற்று பட்டு வெப்பம் வெளியேறி கேஸ் திரவமாகும். டிரையர் அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறிய துளை வழியாகத் திரவம் பீய்ச்சி அடிக்கும்போது அழுத்தம் சட்டென்று குறைந்து மறுபடியும் குளிர். ரத்தம்போல ஒரே பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தப் பொருள் எது என்பதில்தான் இந்தக் கதையின் மறுபாதி இருக்கிறது.

மூச்சில் இழுத்துக் காட்டிய கேஸ்

1920களின் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்தவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றும் ஆபத்தானவை. குழாய் கசிந்தால் வீட்டில் தூங்குகிறவர்கள் சாகக்கூடும். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிரிஜிடேர் நிறுவனத்துக்கு நஞ்சில்லாத, தீப்பிடிக்காத ஒரு கேஸ் வேண்டியிருந்தது. 1928இல் அதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் தாமஸ் மிட்ஜ்லி. குளோரினும் ஃபுளோரினும் கரியோடு சேர்ந்த அந்தப் பொருளுக்குப் பிறகு ஆர்-12 என்ற எண் அமைந்தது. 1930இல் வேதியியலாளர் கூட்டமொன்றில் மிட்ஜ்லி அதை மூச்சாக உள்ளே இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீயும் பிடிக்காது. கைதட்டல் கிடைத்தது.

இதே மிட்ஜ்லிதான் பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையையும் 1921இல் கொண்டுவந்தவர். போலியோவால் படுத்த படுக்கையான அவர், தன்னைத் தூக்கி நிறுத்தத் தானே வடிவமைத்த கயிறு கப்பிக் கருவியில் சிக்கி 1944இல் இறந்தார். தன் இரண்டு கண்டுபிடிப்புகளும் பூமிக்கு என்ன செய்தன என்று தெரியும்வரை அவர் உயிரோடு இருக்கவில்லை.

பட்டறையின் கோணத்தில் பார்த்தால் ஆர்-12 தங்கமான கேஸ். மைனஸ் 29.8 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மலிவான கனிம எண்ணெயோடு நன்றாகக் கலக்கும். இன்னொன்றும் உண்டு: அதிலிருந்த குளோரின், கம்ப்ரசருக்குள் உரசும் உலோகப் பரப்புகளில் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும் கம்ப்ரசர் பொறுத்துக்கொண்டது. வானத்தைக் கெடுத்த குளோரின்தான் கம்ப்ரசரைக் காத்தது என்பது இந்த வரலாற்றின் கசப்பான முரண்.

நம் சாலைகளுக்கு வந்த விதம்

லீ குவான் இயூ பிற்காலத்தில் அளித்த ஒரு நேர்காணலில், வெப்பமண்டலத்தில் வளர்ச்சியைச் சாத்தியமாக்கிய கண்டுபிடிப்பு ஏர்கோன் என்று பாராட்டினார். தாம் பிரதமரானதும் முதலில் செய்தவற்றுள் ஒன்று, அரசு ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்களில் அதைப் பொருத்தியது என்றும் சொன்னார். அவருடைய தர்க்கம் சரியானது. வியர்வையில் நனைந்துகொண்டு கோப்பு பார்த்தால் கோப்பு நகராது. ஆனால் அந்தத் தர்க்கம் அலுவலக வாசலோடு நின்றுவிட்டது. கோப்பில் கையெழுத்தான சிமெண்டையும் இரும்பையும் ஏற்றிவந்தவருக்கும் உடம்பு ஒன்றுதான்.

1970களிலும் 80களிலும் மலேசியச் சாலைகளில் ஓடிய பெட்ஃபோர்டு, மெர்சிடிஸ், ஹினோ, இசுசு லோரிகளில் ஏர்கோன் அபூர்வம். நம் ஊர் லோரிகளில் பெரும்பாலானவற்றில் கேபின் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். வெயில் கூரை வழியாக இறங்கும். டீசல் எஞ்சினின் சூடு இருக்கைக்குக் கீழிருந்து ஏறும். கழுத்தில் ஈரத் துண்டு, கதவில் தொங்கும் தண்ணீர் பாட்டில், இறக்கிவிட்ட கண்ணாடி, அதுதான் ஏர்கோன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பிடித்த முதல் வேலை இந்த ஸ்டீரிங்தான். பால்வெட்டுக் காட்டின் நிழலிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சூடு புதிது.

லோரிக்கு ஏர்கோன் வந்தபோதும் பல நேரங்களில் அது தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, கடையிலிருந்துதான் வந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கூலிங் கோயில் பெட்டி, எஞ்சின் பக்கத்தில் பட்டறையிலேயே வெல்டிங் செய்த பிராக்கெட், அதில் ஒரு கம்ப்ரசர். ஆரம்பத்தில் யார்க் வகைக் கம்ப்ரசர்கள் இருந்தன. இரண்டு சிலிண்டர், பெட்டிபோல நிமிர்ந்து நிற்பது, எண்ணெய்க்குத் தனித் தொட்டி உள்ளது. பிறகு ஜப்பானியச் சான்டன் வந்து இடத்தைப் பிடித்தது. 1943இல் குன்மா மாநிலத்தில் தொடங்கி, சைக்கிள் விளக்குக்கு டைனமோ செய்துகொண்டிருந்த சாங்க்யோ நிறுவனம், 1970களில் அமெரிக்க உரிமத்தோடு வாகனக் கம்ப்ரசர் செய்யத் தொடங்கி, 1982இல் சான்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அலுமினிய உடல், ஆடும் தட்டைச் சுற்றி ஐந்து பிஸ்டன்கள். சிறியது, அதிராதது, எந்த லோரியிலும் உட்காரக்கூடியது.

இந்த மாற்றத்தில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. யார்க்கில் எண்ணெய் பெரும்பாலும் தன் தொட்டியிலேயே கிடக்கும். சான்டன் போன்ற சிறிய கம்ப்ரசர்களில் எண்ணெயில் ஒரு பங்கு கேஸோடு சேர்ந்தே சுற்றி வரும். கேஸ் எங்கே கசிகிறதோ அங்கே எண்ணெயும் வெளியேறும். கேஸ் எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவரவில்லை என்றால் கம்ப்ரசர் வறண்டு போகும். அடுத்து வந்த காலம் சரியாக இந்த இடத்தில்தான் அடித்தது.

வானத்தில் ஓட்டை, பட்டறையில் செலவு

1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆர்-12 போன்ற பொருட்கள் கீழே எதனோடும் வினைபுரியாமல் மேலே ஏறி, புற ஊதாக் கதிரில் உடைந்து, குளோரினை விடுவித்து, ஓசோனைத் தின்கின்றன என்றனர். ஒரு குளோரின் அணு ஏறத்தாழ 1,00,000 ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும். 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மொன்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1989இல் அதில் இணைந்தன. மொலினா, ரோலண்ட் இருவருக்கும் பால் குருட்சனோடு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ந்த நாடுகள் 1996 தொடக்கத்தோடு ஆர்-12 உற்பத்தியை நிறுத்தின. வளரும் நாடுகளுக்கு 2010 தொடக்கம்வரை அவகாசம். 1990களின் நடுவிலிருந்து புதிய வாகனங்கள் குளோரின் இல்லாத ஆர்-134ஏ கேஸோடு வந்தன. மலேசியாவில் 1999இல் குளிர்பதனப் பொருள் மேலாண்மைக்கெனத் தனி விதிமுறைகள் வந்தன. பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவதற்குப் பதிலாக எந்திரத்தில் மீட்டெடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு பட்டறைக்குள் நுழைந்தது.

உடன்படிக்கை மனித குலத்தின் பெரிய வெற்றி. அதில் சந்தேகமே வேண்டாம். ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது. ஆனால் அந்த வெற்றியின் செலவுக் கணக்கில் ஒரு வரி, பழைய லோரி வைத்திருந்தவர்களின் தலையில் எழுதப்பட்டது. புது வாகனம் வாங்கியவருக்கு மாற்றம் தெரியவேயில்லை. 80களின் லோரியை 2000த்திலும் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஆர்-12 விலை ஏறிக்கொண்டே போனது, பிறகு கிடைக்காமலே போனது. "புது கேஸ் அடிச்சிடலாமா?" என்ற கேள்வி எழுந்தது. அடித்தார்கள். சில மாதத்தில் கம்ப்ரசர் செத்தது.

காரணம் எளியது. ஆர்-134ஏ கனிம எண்ணெயோடு கலக்காது. பழைய எண்ணெய் கண்டென்சரிலும் கோயிலிலும் தேங்கி நிற்க, கம்ப்ரசர் எண்ணெயில்லாமல் சுற்றும். காப்பாற்றுவதற்குக் குளோரின் படலமும் இல்லை. பழைய ரப்பர் ஓரிங்குகளும் ஹோஸ்களும் புதிய கேஸைப் பிடித்து வைக்கவில்லை. ஆர்-12க்காகச் செய்த கண்டென்சருக்கு ஆர்-134ஏயின் கூடுதல் அழுத்தத்தைச் சமாளிக்கப் போதிய பரப்பு இல்லை. முறையாக மாற்றுவதென்றால் பழைய எண்ணெயை வடித்து, புதிய கேஸுக்குப் பொருந்தும் செயற்கை எண்ணெய் ஊற்றி, டிரையரையும் ஓரிங்குகளையும் மாற்றி, பழைய அளவில் 80 முதல் 90 விழுக்காடு கேஸ் மட்டும் ஏற்ற வேண்டும். இவ்வளவுக்கும் காசு வேண்டும். காசு இல்லாத இடத்தில் கேஸ் மட்டும் மாறியது.

கழற்றிப் பார்த்தால்

செத்த கம்ப்ரசர் ஒன்றைத் திறந்து பார்த்தால் மேலே சொன்ன வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும்.

முதல் அடுக்கு கிளட்ச். "டக்" சத்தம் வரவில்லை என்றால் கம்ப்ரசரே போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பியூஸ், கேஸ் குறைந்தால் மின்சாரத்தை வெட்டும் பிரஷர் சுவிட்ச், கம்பி, பிறகு காந்தச் சுருள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பெரிய லோரிகளின் மின்சாரம் 24 வோல்ட். ஹாஃப்கட் கடையில் கிடைத்த காரின் 12 வோல்ட் கம்ப்ரசரைப் பொருத்தியிருந்தால் சுருள் கருகியிருக்கும். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். தேய்ந்து அது அகன்றுவிட்டால், எஞ்சின் சூடேறியதும் காந்தத்தால் இழுக்க முடியாது. காலையில் குளிர்ந்து மதியம் குளிராத ஏர்கோன்களில் சிலவற்றின் நோய் இதுதான். அப்படிப்பட்ட கம்ப்ரசரை மாற்றவே தேவையில்லை, இடைவெளித் தகட்டைக் குறைத்தால் போதும்.

இரண்டாம் அடுக்கு முகப்பின் சீல். எண்ணெயும் தூசியும் சேர்ந்து அங்கே கறுப்பாகப் படிந்திருந்தால் கசிவு பல மாதமாக நடந்திருக்கிறது என்று பொருள். மீட்டர் மாட்டிப் பார்த்து, எஞ்சின் ஓடும்போதும் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டினால், கிளட்ச் பிடித்தும் கம்ப்ரசர் அழுத்தவில்லை. உள்ளே வால்வோ பிஸ்டனோ போய்விட்டது.

மூன்றாம் அடுக்கு எண்ணெய். தெளிவாக இருந்தால் நம்பிக்கை உண்டு. கருத்து, வெள்ளிப் பொடி மினுங்கினால் கம்ப்ரசர் தன்னைத் தானே அரைத்திருக்கிறது. அந்த அலுமினியப் பொடி கம்ப்ரசரோடு நிற்காது. கண்டென்சரின் நுண்ணிய குழாய்களில், டிரையரில், வால்வின் துளையில் போய் உட்கார்ந்திருக்கும். இதைக் கழுவாமல் புதுக் கம்ப்ரசர் மாட்டினால், பழையது விட்டுச்சென்ற பொடி புதியதையும் தின்னும். "போன வருஷம்தான் மாத்தினேன், மறுபடியும் போச்சு" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுவே. மாற்றியது கம்ப்ரசரை மட்டும்.

கழுவுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு ஆர்-11 என்ற திரவத்தை ஊற்றிக் கழுவினார்கள். அதுவும் ஓசோனைத் தின்னும் வகை. அது தடையானதும் 141பி வந்தது. அதன் தீமை குறைவு, ஆனால் அதுவும் அதே குடும்பம், அதற்கும் முடிவு நாள் குறிக்கப்பட்டது. தட்டையான நுண்குழாய்க் கண்டென்சர் என்றால் எதை ஊற்றினாலும் பொடி முழுதாக வெளியேறாது. கண்டென்சரையே மாற்றுவதுதான் வழி.

கடைசியில் வேக்கம். பாகங்களெல்லாம் மாட்டியபின் பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். காற்று மட்டுமல்ல, ஈரமும் போக வேண்டும். நம் ஊரின் 30 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால்தான் உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கொதித்து ஆவியாகும். பத்து நிமிடம் பம்ப்பைப் போட்டு "போதும்" என்று சொல்லும் பட்டறையில் ஈரம் உள்ளேயே தங்கும். புதிய செயற்கை எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் அதிகம். ஈரம் அமிலமாகி, அமிலம் உலோகத்தைத் தின்னும். அரைமணி நேரமாவது ஓடவிட்டு, பம்ப்பை நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்ப்பவரே வேலை தெரிந்த போமன். அவர் வாங்கும் கூலி அந்த அரைமணிக்கு.

திரும்பி வந்த பழைய நஞ்சு

விலை ஏறும் எந்தப் பொருளுக்கும் போலி முளைக்கும். ஆர்-134ஏ என்று முத்திரை குத்திய உருளைகளில் வேறு கேஸ் கலந்து விற்கும் வியாபாரம் உலகெங்கும் நடந்தது. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கொள்கலன்களின் எந்திரங்கள் வெடித்து மூவர் இறந்தனர். போலிக் கேஸில் கலந்திருந்தது மெத்தில் குளோரைடு. 1920களில் வீடுகளில் ஆளைக் கொன்று, எதை ஒழிக்க ஆர்-12 கண்டுபிடிக்கப்பட்டதோ அதே பொருள். அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்று பட்டவுடன் தானே தீப்பற்றும் சேர்மம் உருவாகும். வாகனக் கம்ப்ரசர்களின் உடலும் அலுமினியம்தான். "அந்தக் கடையில கேஸ் பாதி விலை" என்ற பேச்சைக் கேட்கும்போது நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

ஆர்-134ஏயின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. ஓசோனை அது தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். 2016இன் கிகாலித் திருத்தம் இத்தகைய கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. மலேசியா 2020இல் அதை ஏற்றது. ஐரோப்பாவின் புதிய கார்களில் 2017இலிருந்து இந்தக் கேஸுக்கு இடமில்லை. அந்தச் சட்டம் கார்களுக்கும் சிறிய வேன்களுக்கும் உரியது, பெரிய லோரிகளுக்கு இல்லை. இந்த வரிசையிலும் லோரி கடைசியில்தான் நிற்கிறது. இன்று ஆர்-134ஏயில் ஓடும் லோரிகள் பழசாகும்போது, அவற்றை வைத்திருப்பவர்கள் ஆர்-12 காலத்துப் பேரத்தை மறுபடியும் நடத்த வேண்டியிருக்கும்.

யார் வியர்க்க வேண்டும்

ஏர்கோன் சொகுசு என்ற பேச்சு லோரி விஷயத்தில் செல்லாது. அடைமழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே புகை படிந்து பாதை மறையும். ஏர்கோன் காற்றின் ஈரத்தை எடுத்துக் கண்ணாடியைத் தெளிவாக்கும். எட்டு மணி நேரம் சூட்டில் உட்கார்ந்தவரின் கவனம் சிதறும், கை தாமதிக்கும். நெடுஞ்சாலையில் அந்தத் தாமதத்தின் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. லீ குவான் இயூ அரசு ஊழியருக்குச் சொன்ன காரணம் இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது.

இந்த வரிசை ஓட்டுநரோடு முடிவதும் இல்லை. சிங்கப்பூரில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களை லோரியின் பின்தட்டில் ஏற்றிச் செல்வது பற்றிய விவாதம் ஆண்டுக்கணக்காக நீள்கிறது. முன்னால் கேபினில் குளிர், பின்னால் வெயிலும் மழையும். 1938இல் இறைச்சிக்குக் கிடைத்தது அதே லோரித் தட்டில் உட்காரும் மனிதருக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே பழைய லோரியின் கம்ப்ரசரை முழுமையாகப் பழுதுபார்ப்பது நியாயமும்கூட. முழுமையாக என்பதுதான் முக்கியம். கம்ப்ரசரை மட்டும் மாற்றி, டிரையரை விட்டு, கழுவாமல், பத்து நிமிட வேக்கத்தோடு அனுப்பினால் சில மாதத்தில் அது மறுபடியும் சாகும். "இந்த லோரிக்கு ஏர்கோன் தாங்காது" என்ற பெயர் வரும். பெல்ட் நிரந்தரமாகக் கழன்றுவிடும். முழுச் செலவை ஒரே முறை செய்யும் முதலாளிக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நல்ல போமன்கள் வேலை முடிந்ததும் ஒரு சிறிய காரியம் செய்வார்கள். ஆர்-12லிருந்து மாற்றிய வாகனங்களில் அது கட்டாயமாகச் செய்யவேண்டியதும்கூட. பானெட்டுக்கு அடியிலோ கேபின் ஓரத்திலோ ஒரு தாளை ஒட்டி, எந்தக் கேஸ், எவ்வளவு, எந்த எண்ணெய், எத்தனை மில்லி, எந்தத் தேதி என்று எழுதி வைப்பார்கள். அடுத்து வருகிறவர் ஊகிக்க வேண்டியதில்லை, தவறான எண்ணெயை ஊற்ற வேண்டியதில்லை. கம்ப்ரசரை மாற்றக் கொடுக்கிறவர்கள் பில்லைக் கேட்பதோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்கலாம். ஐந்து வரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.